பன்னிரண்டு மணிக்குள் ஒரு சாவி

பதினொன்றே காலுக்கு வீட்டுத் தரகர் ஏகாம்பரம் இரண்டு சாவியையும் உலகம்மாள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கக் கீழே போனார். போகும்போது, "பன்னெண்டுக்கு வந்துருவேன்மா. ஒண்ணை வச்சிக்கினு ஒண்ணைத் திருப்பிக் குடுத்துடுங்க. கல்கத்தாக்காரங்க ஒரு குடும்பம் பொட்டி படுக்கையோட லாட்ஜ்ல குந்திக்கினு இருக்குது. நீங்க வேணாங்கறது எதுவோ அதை அவங்களுக்கு முடிச்சிடுவேன். அப்புறம் அழுதாலும் கெடைக்காது" என்றார். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. நாலாவது மாடியில், யாருமில்லாத வீட்டில், உலகம்மாள் இரண்டு சாவியையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நீலக் கயிறு கட்டினது இந்த வீட்டுச் சாவி. ஜன்னலைத் திறந்தால் எதிரே ஆஸ்பத்திரி, ரோட்டைத் தாண்டினால் போதும். வெறும் வளையத்தில் கிடப்பது பல்கலைக்கழகத்துக் கிழக்கு வாசலை ஒட்டி, காலையில் பார்த்துவிட்டு வந்த கீழ்வீட்டுச் சாவி. மகள் கோமதிக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். மிச்ச நாளில் பல்கலைக்கழகத்தில் நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி. இரண்டு இடமும் ஊரின் இரண்டு பக்கம் இல்லைதான், ஆனாலும் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் மற்றது தூரம். "நீயே முடிவு பண்ணும்மா. எந்த வீடுன்னாலும் நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு கோமதி அவளுடைய புரொபசரைப் பார்க்கப் போய்விட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்படலாம். அவள் சும்மா சொன்னாள், பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுக்கிற மாதிரி.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு எதிர்வீடு கிடைக்குமா என்று நாலு நாளாக அலைந்தது யார், நான்தானே. மூத்தவன் நயினார்கூட போனில், "யம்மா, அவ சொல்லுத இடத்துக்கெல்லாம் தலையாட்டாத, ஆஸ்பத்திரிப் பக்கமே பாரு" என்று படித்துப் படித்துச் சொன்னான். கிடைத்துவிட்டது. லிஃப்ட் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கட்டில் ஒன்று கிடக்கிறது, அடுப்பு மேடையைத் துடைத்தால் போதும். அது போக, பிள்ளையாரும் சொல்லிவிட்டார். நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் அவள் கை தானாகப் பர்சைத் தொட்டது. பர்சுக்குள் வாழையிலைத் துண்டில் மடித்த பொட்டலம் ஒன்று இருந்தது. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள். கோமதிக்குத் தெரிந்தால் சிரிப்பாள், "பிள்ளையாரா வந்து குடியிருக்கப் போறாரு?" என்பாள். அதனால் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பூக்காரியிடம் வெள்ளை நந்தியாவட்டையும் சிவப்பு அரளியும் வாங்கி, இலைத் துண்டும் நாரும் அவளிடமே கேட்டு வாங்கி, வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரி வீடு, சிவப்பு வந்தால் பல்கலைக்கழகத்து வீடு என்று மனசுக்குள் மூன்று தடவை சொல்லி, அவள் பலகையில் வைத்தே இரண்டு பொட்டலமாகக் கட்டி, கோயில் படியில் உருட்டிவிட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளை. அப்பாடா என்று இருந்தது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, சாமி காலடியில் அப்படியே விட்டுவிட வேண்டும், அதுதான் முறை. முப்பது வருஷமாக அந்த முறை தவறினதில்லை. நயினார் படிப்புக்கும் பார்த்தாள், கோமதிக்கு வந்த முதல் சம்பந்தத்துக்கும் பார்த்தாள். இன்றைக்கு எதற்காக அந்தப் பொட்டலத்தைப் பர்சில் போட்டுக்கொண்டு வந்தோம்? கூட்டம் இருந்தது. யாராவது மிதித்துவிடுவார்கள் என்று எடுத்திருப்பேன். பூக்காரி வேறு, கோயிலுக்குள் போகும்போதே பின்னாலிருந்து "யம்மா, யம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சில்லறைக்குத்தான் கூப்பிட்டிருப்பாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் ஜன்னலைத் திறந்தாள். ஆஸ்பத்திரி பெரிதாக வந்து வீட்டுக்குள் நின்றது. அவசரப் பிரிவு வாசல் நேர் கீழே. ஒரு ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல் வந்து நின்றது, பின் கதவைத் திறந்தார்கள், ஒரு பொம்பிளை செருப்பில்லாமல் இறங்கிக் கூடவே ஓடினாள். செருப்பை எங்கே விட்டாளோ. உலகம்மாளும் அன்றைக்கு ஒரு செருப்பை ஆட்டோவில் விட்டுவிட்டுத்தான் இறங்கினாள், ஆனால் அவள் ஓட வேண்டியிருக்கவில்லை. அதற்குள் முடிந்துவிட்டது. அவள் புருஷன் சங்கரலிங்கம் மத்தியானம் மூன்று மணிக்குச் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு நெஞ்சைத் தடவினார், "என்னமோ கெடந்து பிசையுது" என்றார், அடுத்த வீட்டு ஆட்டோவில் ஏற்றி ரயில்வே கேட்டுக்கு வந்தால் கேட் மூடிக் கிடக்கிறது. பாசஞ்சர் வண்டி வர வேண்டும். ஆட்டோக்காரன் இறங்கி கேட்கீப்பரிடம் கெஞ்சினான். வண்டி எங்கேயோ ஊதியது, வரவில்லை, பிறகு வந்தது, மெதுவாகப் போனது, ஒவ்வொரு பெட்டியிலும் வாசலில் உட்கார்ந்து ஆட்கள் கடலை தின்றுகொண்டு போனார்கள். அவர் தலை அவள் தோளில் இருந்தது. கனம் மாறினது அவளுக்குத் தெரிந்தது. கேட் திறந்த பிறகும் ஆட்டோக்காரன் வேகமாகத்தான் ஓட்டினான், அவள்தான் அவனிடம் சொல்லவில்லை. டாக்டர், "ஒரு ஏழெட்டு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ, அன்றிலிருந்து அவள் தூரத்தை எண்ணுகிறாள். வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து மருந்துக்கடை, எல்லாவற்றுக்கும் அவளிடம் கணக்கு உண்டு. பல்கலைக்கழகத்து வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது காலடி. நேற்று அந்த வீட்டை வெளியில் நின்று மட்டும் பார்த்துவிட்டு வரும்போது பாதியில் கோமதி ஏதோ கேட்டு எண்ணிக்கை தப்பிவிட்டது. மகளைக் கரும்புச்சாறுக் கடை நிழலில் நிறுத்திவிட்டு, திரும்பிப் போய் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். வெயிலில் அவள் உதடு காய்ந்திருந்தது. சுற்றி எல்லாரும் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் எந்தத் தண்ணீரும் அவளுக்கு ஆகாது. அவள் கண்ணாடி டம்ளர்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இங்கிருந்து என்றால் எழுபத்திரண்டு காலடி. லிஃப்டைச் சேர்க்காமல். லிஃப்ட் நின்றுபோனால்? கரண்ட் போனால்? ஜெனரேட்டர் இருக்கிறது என்று ஏகாம்பரம் சொன்னார், இருக்கிறது என்றாரா, போடப் போகிறார்கள் என்றாரா. கேட்டுக்கொள்ள வேண்டும். எங்க ஊரு உலகம்மா தாயே, கண்ணை மூடினால் எல்லாம் ரயில்வே கேட்டாகவே தெரிகிறது. அவள் சமையல்கட்டுக்குப் போனாள். மேடைக்கு மேல் சுவரில் ஒரு தேதிக் காலண்டர் மாட்டியிருந்தது. முன்னால் இருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. தினம் கிழிக்கிற காலண்டர். பதினேழாம் தேதியில் நின்றிருந்தது. இன்றைக்குத் தேதி இருபத்தொன்பது. அதன் பக்கத்தில் சுவரிலேயே பென்சிலால் எழுதியிருந்தார்கள்: காலை ஒன்று, மத்தியானம் அரை, ராத்திரி ஒன்று. கீழே வேறொரு கையெழுத்தில், அரை அடித்து ஒன்று. அதற்கும் கீழே ஒன்று அடித்து இரண்டு. நேற்று இதைப் பார்த்ததும், "இவங்க எங்க போனாங்க?" என்று கேட்டாள். ஏகாம்பரம் கொஞ்சமும் தாமதிக்காமல், "கொணமாயிட்டாங்கம்மா, ஊருக்குப் பூட்டாங்க" என்றார். கோமதி அப்போது பேச்சை மாற்றுகிற மாதிரி, "லிஃப்ட் எத்தனை பேர் தாங்கும்?" என்று கேட்டாள். அது ஒன்றுதான் இந்த வீட்டில் அவள் கேட்டது. குணமாகிப் போகிறவர்கள் காலண்டரைக் கழற்றிக்கொள்ளாமலா போவார்கள். ஊருக்குப் போகிற அவசரத்தில் மறந்திருப்பார்கள். மறந்துதான் இருப்பார்கள். உலகம்மாள் கையை நீட்டி அந்தத் தாளைக் கிழிக்கப் பார்த்தாள், கை பாதியில் நின்றது. நம்ம காலண்டரா இது. கிழித்தால் நம்முடையதாகிவிடும்.

மணி என்ன. பதினொன்று முப்பத்தைந்து. கோமதியிடமிருந்து போன் இல்லை. புரொபசர் திட்டிக்கொண்டிருப்பாரோ. மூன்று மாதமாக அவள் ஒழுங்காகப் போகவில்லை. ரத்தம் சுத்தம் பண்ணின நாளில் படுத்தால் மறுநாள் மத்தியானம்தான் எழுந்திருக்கிறாள், அதற்குப் பிறகு இப்போதிருக்கிற இடத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் ஆராய்ச்சிக்கூடத்தைப் பூட்டுகிற நேரம் வந்துவிடுகிறது. நத்தைகள் கண்ணாடித் தொட்டியில் இருக்கின்றன, தினம் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். போன மாதம் இருபத்தாறு நத்தை செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டுக் கோமதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். உலகம்மாளுக்கு அன்றைக்கு உள்ளூர ஒரு எரிச்சல். நத்தைக்கா அழுகிறாள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்தப் படிப்பெல்லாம் விளங்காது, ஆனால் தான் குடிக்க முடியாத தண்ணீரை நத்தைக்கு மாற்ற வேண்டுமென்று துடிக்கிற பிள்ளையை எந்தத் தாயால் புரிந்துகொள்ள முடியும். என் சிறுநீரகத்தை எடுத்துக்கோங்க என்று சொன்னேன், உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, வேண்டாம் என்று விட்டார்கள். சர்க்கரை. கல்யாண வீட்டுக் கேசரியை வேண்டாமென்று சொல்லத் தெரியாத நாக்கு. இன்னொரு சிறுநீரகம் எப்போது வருமோ, பெயர் எழுதி வைத்திருக்கிறது, வரிசை நகர வேண்டும். அதுவரைக்கும் ஊசி போடுகிற இடது கையில், முழங்கைக்குக் கீழே, ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்த இடம் உர்ரென்று அதிர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே ஒரு வண்டு இருக்கிற மாதிரி. அந்த அதிர்வு நின்றுவிட்டால் உடனே கூட்டிக்கொண்டு வாங்க என்று நர்ஸ் சொன்னதிலிருந்து, கோமதி தூங்கும்போது உலகம்மாள் போய் விரலை வைத்துப் பார்ப்பாள். இருக்கிறது. அரை மணி கழித்துத் திரும்ப. இருக்கிறது. ஒரு தடவை கோமதி கண்ணைத் திறக்காமலேயே, "ஓடுதும்மா, போய்ப் படு" என்றாள்.

போய்ப் படு. அவள் எப்போதுமே அப்படித்தான். ஆனால் காலையில் அந்தக் கீழ்வீட்டில் அவள் வேறு மாதிரி இருந்தாளே. அதை நினைக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது உலகம்மாளுக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் சமையல்கட்டு நெருக்கம், இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும். குளியலறையில் பல்லி. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் ஹாஸ்டலின் துணிக்கொடி, கலர் கலராக நைட்டியும் துப்பட்டாவும், இரண்டு பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று புத்தகத்தை வைத்துக்கொண்டு சத்தமாகச் சண்டை போட்டன. "ஏய், நீ நேத்து சொன்னது தப்புடி." "தப்புன்னா நீ ஏண்டி அதையே எழுதின?" கோமதி அதைக் கேட்டுச் சிரித்தாள். வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற டீச்சர், வேறொன்றும் விசாரிக்காமல், "என்ன ஆராய்ச்சி?" என்றார், "நன்னீர் நத்தைங்க" என்றாள் இவள், "அதுக்கு எத்தனை வயசு வரைக்கும் உயிர் இருக்கும்?" என்று அந்தம்மா கேட்க, அங்கேயே ஒரு பாடம் நடந்தது. உலகம்மாள் மட்டும் பூட்டு, தாழ்ப்பாள், ராத்திரி ஆட்டோ கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கோமதி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரைச் சாண் போட்டு அளந்தாள். வலது கையால். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, ஒட்டி, மறுபடி விரித்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு. மேசை போடுவதற்கு. அந்தச் சுவரின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தாள், அம்மா பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் கையைச் சட்டென்று இழுத்துத் துப்பட்டாவுக்குள் விட்டுக்கொண்டாள். தின்பண்டத்தை எடுக்கப் போய் அகப்பட்டவள் மாதிரி. என் பிள்ளை என்னைக் கண்டு ஏன் பயப்பட்டாள். என்ன பாவம் செய்தேன் அப்படிப் பயப்பட. அவள் உயிரோடு இருக்க வேண்டுமென்று நினைத்தது பாவமா.

பாவமில்லை, பிள்ளையாரே சொன்னார். வெள்ளைதான் வந்தது. உலகம்மாள் கட்டிலில் உட்கார்ந்தாள். மெத்தையில்லாத இரும்புக் கட்டில், கிறீச்சென்று கத்தியது. பர்சைத் திறந்தாள், மூடினாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்தால் சாமி குத்தம். ஆனால் சாமி குத்தம் என்கிற பயம் இன்றைக்கு ஏன் இரண்டாவதாக வருகிறது, அதற்கு முன்னால் வேறு எந்தப் பயம் நிற்கிறது? பூக்காரி கூப்பிட்டாளே. "யம்மா, யம்மா." அதற்குப் பிறகும் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள்? சில்லறை என்று சொல்லவில்லை. சரியாகத்தான் கொடுத்திருந்தேன், சில்லறைக்கு இடமே இல்லை. "யம்மா, இந்தச் செவப்பு..." அவ்வளவுதான் காதில் விழுந்தது, அதற்குள் வேகமாக நடந்து கோயிலுக்குள் போய்விட்டேன். கையால் நாரை அவிழ்த்தாள். அவசரத்தில் இலை கிழிந்தது. வாடிப்போன நந்தியாவட்டை. வெள்ளை. இதிலும் வெள்ளை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூக்காரியின் பலகையில் சிவப்பு அரளி கிடப்பது இப்போது தெளிவாகத் தெரிந்தது. வாங்கி, பலகை ஓரத்தில் வைத்துவிட்டு, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டியிருக்கிறாள். கண்ணாடி போடவில்லை, பூக்கடையில் நின்று வேண்டிக்கொள்ளும்போதே கழற்றிவிட்டேன். ஆனால் சிவப்பையும் வெள்ளையையும் பிரித்துப் பார்க்கக் கண்ணாடி எதற்கு. கைதான் செய்தது. மனசு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு, தெரியாதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிள்ளையாரிடம் கேள்வியும் நானே கேட்டு, பதிலும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு பொய் அவள் சொன்னதில்லை, அதுவும் சாமிக்கு. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அப்பனே, மன்னிச்சிரு என்று வாய்க்குள் சொன்னாள். மன்னித்தாரோ இல்லையோ, இனிமேல் அவர் சொன்னார் என்று சொல்ல முடியாது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேலையும் அவள் தலையில்தான்.

லிஃப்ட் வருகிற சத்தம் கேட்டது. மூன்றாவது மாடியில் யாரோ இறங்கினார்கள், ஏகாம்பரம் இல்லை. ஐந்து நிமிஷம் இருக்கிறது. கீழ்வீட்டை எடுத்தால், ஒரு நாள் அந்தக் கை அதிர்வது நிற்கும், ஆட்டோ கிடைக்காது, கிடைத்தாலும் மாநாடு என்று ரோட்டை மறித்திருப்பார்கள், அவள் தலை என் தோளில் இருக்கும், கனம் மாறும், ஏழு நிமிஷம் என்று ஒருவன் சொல்லுவான், நயினார், "நான் அப்பமே சொன்னேனே" என்பான். எல்லாம் வரிசையாகத் தெரிந்தது, நடந்து முடிந்தது மாதிரி. இந்த வீட்டை எடுத்தால்? இந்த வீட்டை எடுத்தால் கோமதி வருவாள். வாரேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். இந்தக் கட்டிலில் படுப்பாள். ஜன்னல் வழியாக ஆம்புலன்ஸ் பார்ப்பாள். நத்தை மிச்சமும் சாகும், அதைச் சொல்லக்கூட மாட்டாள். நான் அரை மணிக்கு ஒருதரம் விரலை வைத்துப் பார்ப்பேன், ஓடும். பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று நாள் கிழிப்பேன். அவளுக்கு அளக்க இங்கே ஒரு சுவர் வேண்டாமா. உலகம்மாள் எழுந்து போய் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் தன் கையை விரித்து வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றரையில் சுவர் முடிந்தது. ஒரு கட்டிலின் தலைமாடு போடத்தான் அந்த இடம்.

ஏகாம்பரம் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, முடிவு பண்ணீங்களா?" அவள் நீலக் கயிற்றுச் சாவியை நீட்டினாள். அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "இது இந்த வீட்டுதும்மா. கிட்டக்க வேணும், கிட்டக்க வேணும்னு நீங்கதான கேட்டீங்க?" "ஆமா, நான்தான் கேட்டேன்" என்றாள். "அப்புறம் நடுராத்திரியில எனக்குப் போன் போடக் கூடாது, சொல்லிட்டேன். பத்து வருசமா பார்க்கறேன், ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள்ல இந்த வீட்டை வேணாம்னு சொன்ன மொத ஆளு நீங்க." "பூட்டிக்கோங்க" என்றாள். சாவி கைமாறும்போது விரல் அதைவிட்டு உடனே வரவில்லை, அவர் கொஞ்சம் இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. லிஃப்டில் ஏறினாள். தப்பு செய்துவிட்டோமா. இன்னும் ஓடிப்போய் வாங்கலாம், கல்கத்தாக்காரர்கள் இன்னும் வரவில்லை. லிஃப்ட் கீழே வந்து நின்றது. பயம் மேலேயே தங்கிவிடவில்லை, அதுவும் கூடவே இறங்கிக் கூடவே ரோட்டுக்கு வந்தது.

ஆஸ்பத்திரி மதில் நிழலில் நின்று கோமதிக்குப் போன் போட்டாள். "சொல்லும்மா." பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம், தொட்டிக்கு ஊற்றுகிறாள் போல. "மேசை போட எத்தனை சாண் வேணும்ட்டி?" மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "எட்டு போதும்மா" என்றாள் கோமதி. பிறகு அவளே சொன்னாள்: "அங்க பதினொண்ணு இருந்துச்சு." "அப்ப மூணு சாண் எனக்கு. என் சாமி படம் வைக்கேன்." "வையி. உன் பிள்ளையாரு நத்தையப் பாத்துச் சிரிக்காம இருந்தாச் சரி." "அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள் உலகம்மாள். "கை ஓடுதா?" "ஓடுதும்மா."

ஆஸ்பத்திரி வாசல் கம்பத்தைத் தொட்டுவிட்டு அவள் எண்ண ஆரம்பித்தாள். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இதுவரை எண்ணினதில்லை, குறையுமா கூடுமா என்று தெரிய வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று. மருந்துக்கடைகளைத் தாண்டி, பிளாஸ்டிக் வாளியும் பாயும் விற்கிற கடையைத் தாண்டி, இருநூற்றுப் பத்து. கரும்புச்சாறுக்காரன் மணியை ஆட்டினான். முந்நூற்று எழுபது, எழுபத்தொன்று. தள்ளுவண்டியில் பீர்க்கங்காய் பிஞ்சாக இருந்தது. கோமதிக்குச் சேருகிற காய் இந்த ஊரில் நாலைந்துதான், அதில் இது ஒன்று. நின்றாள். "நார் இருக்குமா?" என்று கேட்டாள். வண்டிக்காரப் பெண், "நீயே கிள்ளிப் பாரும்மா, எங்கிட்ட ஏன் கேக்கற" என்றாள். நகத்தை வைத்துக் கிள்ளினாள். தண்ணீர் கசிந்தது. நல்ல காய். ஒவ்வொன்றாகப் பொறுக்கி நாலு காய் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடக்கக் காலை எடுத்து வைத்தபோதுதான், எத்தனையில் விட்டோம் என்பது மறந்துவிட்டது தெரிந்தது. எழுபத்தொன்றா, தொண்ணூற்றொன்றா. முந்நூறா, நானூறா. திரும்பிப் பார்த்தாள். வாசல் கம்பம் ஒன்றும் தூரமில்லை, போய்த் தொட்டுவிட்டு வரலாம். நின்று யோசித்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காயைப் போய் நறுக்கி, ஒருதரம் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, பிறகு தாளிக்க வேண்டும், அப்போதுதான் அவளுக்கு ஆகும். ஒரு மணிக்குப் பசியோடு வருவாள். வீட்டுக்கார டீச்சரிடம் ஒரு அடுப்பும் சட்டியும் இரவல் கேட்டுக்கொள்ளலாம், புது வீட்டில் அதை எந்தப் பக்கம் வைப்பது என்றே இன்னும் பார்க்கவில்லை. அவள் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, எண்ணாமல் நடந்தாள்.